ஈரிணைய அமீனும் என் கையெழுத்துச் சீட்டும்



கொஞ்சம் நீளமான இழை இது. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படிங்க. நடுவுல கெமிஸ்ட்ரி வரும், பயந்து ஓடிடாதீங்க. கடைசியில உங்க வீட்டு மாத்திரை டப்பாவுக்குத்தான் வந்து சேருவோம்.

போன வாரம் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்திருந்தா. ப்ளஸ் டூ படிக்கிறா. கையில வேதியியல் புத்தகம், முகத்துல எரிச்சல்.

"சித்தப்பா, ஈரிணைய அமீன் தயாரிக்கும் முறைகள்னு ஒரு பக்கம் இருக்கு. எத்தனை தடவை படிச்சாலும் மறந்துடுது. டாக்டர் ஆகறதுக்கு இதெல்லாம் எதுக்கு? நீங்க ஒரு நாளாவது இதை யூஸ் பண்ணியிருக்கீங்களா?"

"ஒரே ஒரு நாள் பண்ணியிருக்கேன். அதையும் லேட்டா பண்ணேன்" என்றேன்.

அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன்.

பல வருசம் முன்னாடி நடந்தது. டெல்டா பக்கம் ஒரு சின்ன ஊர் மருத்துவமனை. நான் டூட்டி டாக்டர். ஆள் அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

காலை மணி பதினொன்று இருக்கும். ஒரு குட்டியானை வண்டி ஹாரன் அடிச்சுக்கிட்டே வாசல்ல வந்து நின்னுச்சு. நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் ஏழெட்டுப் பேர். குளத்துக் கரையில கருவேல முள்ளை வெட்டும்போது கதண்டுக் கூடு கலைஞ்சிருக்கு. எல்லாருக்கும் கொட்டு. பல பேருக்கு வலியும் வீக்கமும் மட்டும்தான். கொட்டின இடத்துல சுண்ணாம்பு தடவிக்கிட்டு நின்னாங்க.

ஒரு அக்காவை மட்டும் தூக்கிட்டு வந்தாங்க. நாற்பது வயசு இருக்கும். உதடு வீங்கியிருந்தது. உடம்பெல்லாம் தடிப்பு. மூச்சு விடும்போது விசில் சத்தம். பி.பி மேல் அளவு 70, கீழ் அளவு கிடைக்கவே இல்லை.

அனாஃபிலாக்சிஸ். அதாவது தீவிர ஒவ்வாமை அதிர்ச்சி. ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிந்துவிடும். அதிலிருந்து நீர் திசுக்களுக்குள் கசியும். மூச்சுக்குழாய் சுருங்கும். நிமிடக் கணக்கில் உயிர் போகலாம்.

இதற்கு முதல் மருந்து அவில் இல்லை. ஸ்டீராய்டும் இல்லை. அதெல்லாம் பிறகு. முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கச் சதையில், பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம். 1 மி.லி ஆம்பூலில் பாதி. தேவைப்பட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடி.

இதுல நான் தப்பு பண்ணல. ஒரு நிமிசத்துக்குள்ள ஊசி போட்டாச்சு. படுக்க வெச்சுக் காலை உயர்த்தியாச்சு. ஆக்சிஜன் வெச்சாச்சு. ரெண்டு கையிலயும் சலைன் வேகமா ஓடுது.

அஞ்சு நிமிசம் ஆச்சு. முன்னேற்றம் இல்லை. ரெண்டாவது ஊசி. அதுக்கும் அசையல. பி.பி 60க்கு இறங்கிடுச்சு.

மானிட்டரைப் பார்த்தேன். நாடித்துடிப்பு 58.

உங்களுக்கு இந்த எண் சாதாரணமா தெரியலாம். எனக்கு வயிறு கலங்கிடுச்சு. பி.பி இவ்வளவு விழுந்தால் இதயம் 130, 140ன்னு ஓடணும். அதுக்கு மேல நான் வேற முழுசா 1 மில்லிகிராம் அட்ரினலின் உள்ளே அனுப்பியிருக்கேன். அப்படியும் 58 என்றால் என்ன அர்த்தம்? நான் வாசல்ல நின்னு கதவைத் தட்டிக்கிட்டே இருக்கேன், உள்ளே யாரோ தாழ்ப்பாள் போட்டுட்டு உட்கார்ந்திருக்காங்க.

அது யாருன்னு புரிய கொஞ்சம் கெமிஸ்ட்ரி வேணும். நான் மானிட்டர்கிட்டயே நிக்கிறேன். நீங்க மட்டும் ஒரு சுற்று போயிட்டு வாங்க.

நைட்ரஜன் அணுவுக்கு மூன்று கை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கையிலும் ஹைட்ரஜனைப் பிடித்திருந்தால் அது அம்மோனியா. ஒரு ஹைட்ரஜனைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கார்பன் தொகுதி ஒன்றைக் கோர்த்தால் ஓரிணைய அமீன். இரண்டு கைகளில் கார்பன், ஒரு கையில் மட்டும் ஹைட்ரஜன் மிச்சம் இருந்தால் ஈரிணைய அமீன். மூன்றும் கார்பன் என்றால் மூவிணைய அமீன்.

அட்ரினலின் ஒரு ஈரிணைய அமீன்.

நம் உடம்பில் சிறுநீரகத்தின் தலைமேல் குல்லா மாதிரி அட்ரினல் சுரப்பி இருக்கிறது. டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கி, டோபா, டோபமின், நார்அட்ரினலின் என்று படிப்படியாக வந்து கடைசியில் அட்ரினலின் உருவாகிறது. நார்அட்ரினலின் ஓரிணைய அமீன். அதன் நைட்ரஜன் மீது ஒரே ஒரு மெத்தில் தொகுதியை ஏற்றினால் அட்ரினலின். அந்த ஒரு மெத்தில் வித்தியாசம் மட்டும்தான்.

அந்த மெத்திலை ஏற்ற ஒரு தனி என்சைம் உண்டு. பி.என்.எம்.டி என்று சுருக்கமாகச் சொல்வோம். அந்த என்சைம் நிறைய உருவாக, சுரப்பியின் வெளிப்பகுதியில் சுரக்கும் கார்டிசால் நேராக உள்பகுதிக்கு வழிந்து வர வேண்டும். ஸ்டீராய்டு சுரக்கும் இடமும் அட்ரினலின் சுரக்கும் இடமும் ஒரே வீட்டில் குடியிருப்பதில் இப்படி ஒரு லாபம்.

என்சைம் ஒரு மெத்திலை மட்டும் ஏற்றிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. நம்ம ஆய்வகத்துல அது அவ்வளவு சுலபம் இல்லை. புத்தகத்தில் அந்த ஒரு பக்கம் முழுக்க இந்தப் பிரச்சினைதான்.

அம்மோனியாவோடு மெத்தில் அயோடைடைச் சேர்த்தால் என்ன வரும்? ஓரிணைய அமீன் வரும். ஆனால் அதோடு நிற்காது. கார்பன் தொகுதி ஏறியதும் நைட்ரஜனின் எலெக்ட்ரான் வளம் கூடுகிறது. முன்பைவிட வேகமாக அடுத்த மெத்திலையும் பிடிக்கும். ஈரிணையம், மூவிணையம், நான்காவதாக ஒரு உப்பு என்று எல்லாம் கலந்து கிடக்கும். ஹாஃப்மன் 1850 வாக்கிலேயே இதைப் பார்த்துவிட்டார். நம் புத்தகத்தில் அம்மோனியாவாற்பகுப்பு என்று அவர் பேரோடு வருவது இதுதான்.

ஒரு இட்லி போதும்னு சொன்னவன், ருசி கண்டதும் அண்டாவையே காலி பண்ற கதை. ஈரிணைய அமீன் செய்வது என்றால், சரியாக இரண்டாவதில் நிறுத்துவது.

நிறுத்துவதற்கு என்னென்ன வழி? என் அண்ணன் மகளுக்குச் சொன்ன மாதிரியே சொல்றேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மருந்தை வைத்துக்கொண்டால் மறக்காது.

முதல் வழி, ஒரு பக்கத்தைத் தாராளமாகப் போடுவது. அட்ரினலினை ஆடு, மாடுகளின் சுரப்பியிலிருந்து படிகமாகப் பிரித்தவர் ஜப்பானியரான ஜோகிச்சி தகமினே. அமெரிக்காவில் இருந்து 1901இல் அதை அறிவித்தார். ஆனால் கசாப்புக் கடைச் சுரப்பிகளை நம்பி எத்தனை நாள் மருந்து செய்வது? 1904இல் ஜெர்மனியில் ஹோக்ஸ்ட் நிறுவனத்தின் ஃப்ரீட்ரிக் ஸ்டோல்ஸ் ஆய்வகத்திலேயே செய்தார். கேட்டகால் என்ற பொருளின் மீது, நுனியில் குளோரின் உள்ள ஒரு துண்டை ஒட்டினார். அந்தக் குளோரின் இருந்த இடத்தில் மெத்தில்அமீனைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். பிறகு நடுவில் இருந்த கீட்டோனை ஒடுக்கி ஆல்கஹாலாக மாற்றினார். மெத்தில்அமீன் ஏராளமாக இருக்கும்போது, குளோரின் துண்டு ஒவ்வொன்றுக்கும் புது மெத்தில்அமீனே கிடைத்துவிடும். ஏற்கெனவே சேர்ந்த ஒன்றின் மேல் மறுபடி போய் ஏறும் வாய்ப்பு குறைவு.

ஸ்டோல்ஸுக்குக் கிடைத்தது வலக்கை, இடக்கை இரண்டு வடிவமும் பாதிப் பாதியாகக் கலந்த அட்ரினலின். இயற்கை வடிவத்தின் வீரியம் மற்றதைவிடப் பல மடங்கு அதிகம். 1908இல் டார்டாரிக் அமிலத்தின் துணையோடு இரண்டையும் பிரித்தார்கள். புளியில் இருக்கிற அதே அமிலம்தான். இன்றைக்கும் நம் ஆம்பூல் லேபிளில் அட்ரினலின் பைடார்ட்ரேட் என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இரண்டாவது வழி, கார்பன் தொகுதியை ஒருமுறை மட்டுமே ஏறும் வடிவத்தில் கொடுப்பது. ஓரிணைய அமீனோடு ஆல்டிஹைடையோ கீட்டோனையோ சேர்த்தால் தண்ணீர் வெளியேறி இமீன் உருவாகும். அதை ஒடுக்கினால் ஈரிணைய அமீன். இன்று மருந்துத் துறையில் மிக அதிகமாகப் புழங்கும் வழிகளில் இதுவும் ஒன்று. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற செர்ட்ராலின் மாத்திரை இந்த வழியில் வருகிறது.

மூன்றாவது வழி, முதலில் அமைடு செய்வது. ஓரிணைய அமீன் மீது அமிலக் குளோரைடை ஏற்றினால் அமைடு வரும். அமைடில் இருக்கிற நைட்ரஜனுக்கு ஆசை அடங்கிவிடும், அடுத்ததைத் தேடாது. பிறகு லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு கொண்டு ஒடுக்கினால் ஈரிணைய அமீன். இதற்குப் பக்கத்து வீட்டு முறை, ஐசோசயனைடை ஒடுக்குவது. மெத்தில் தொகுதி உள்ள ஈரிணைய அமீன் கிடைக்கும். பரீட்சையில் ஒரு மார்க் கேள்வியாக அடிக்கடி வருமே, அது.

நான்காவது வழி, நைட்ரஜனின் ஒரு கையைத் தற்காலிகமாகக் கட்டிப்போடுவது. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சுகிற சால்புடமாலும் ஈரிணைய அமீன்தான். அதைச் செய்த பழைய வழியில், நைட்ரஜன் மீது பென்சைல் என்ற தொகுதியை முதலிலேயே மாட்டி வைத்திருப்பார்கள். வேலை எல்லாம் முடிந்த பிறகு பல்லேடியமும் ஹைட்ரஜனும் கொண்டு அதைக் கழற்றுவார்கள். கட்டிய கை அவிழ்ந்ததும் அங்கே ஒரு ஹைட்ரஜன் வந்து உட்காரும். கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல.

ஐந்தாவது வழிதான் நம்ம கதைக்கு முக்கியம். எபாக்சைடைத் திறப்பது.

இரண்டு கார்பன், ஒரு ஆக்சிஜன் சேர்ந்து முக்கோணமாக இருப்பது எபாக்சைடு. ஒரு பைக்கில் மூணு பேர் நெருக்கி உட்கார்ந்த மாதிரி இறுக்கமாக இருக்கும். யாராவது தொட்டால் போதும், பிரிந்துவிடும். அமீன் வந்து ஓரத்துக் கார்பனைத் தொட்டதும் வளையம் திறக்கும். ஒரு பக்கம் ஆல்கஹால், பக்கத்திலேயே ஈரிணைய அமீன். ஒரே அடியில் ரெண்டும் கிடைக்கிறது.

பாச்சா உருண்டை தெரியுமில்லையா, பீரோவில் போடுவோமே, நாப்தலீன்? அதன் சொந்தக்காரர் ஒருவர் நாப்தால். அதோடு எபிகுளோரோஹைட்ரினைச் சேர்த்தால் நுனியில் எபாக்சைடு உள்ள ஒரு பொருள் வரும். அந்த எபாக்சைடை ஐசோபுரோப்பைல்அமீன் கொண்டு திறக்க வேண்டும். இந்த அமீன் கிளை விரித்த உருவம். ஒருமுறை சேர்ந்த பிறகு அந்த இடம் நெரிசலாகிவிடும், இன்னொரு எபாக்சைடு உள்ளே வரத் திணறும். அதனால் வினை பெரும்பாலும் ஈரிணையத்திலேயே நின்றுவிடும்.

அப்படி வருவதன் பேர் ப்ரோப்ரனலால்.

சர் ஜேம்ஸ் பிளாக்கின் மருந்து. ஸ்காட்லாந்துக்காரர். இதய வலி வரும்போது எல்லாரும் இதயத்துக்கு ரத்தத்தை எப்படி அதிகம் அனுப்பலாம் என்று யோசித்தபோது, இதயத்தின் தேவையையே குறைத்தால் என்ன என்று அவர் யோசித்தார். அட்ரினலின் போய் உட்காரும் பீட்டா ஏற்பியில் அதே மாதிரி உருவமுள்ள வேறொன்றை உட்கார வைத்துவிட்டால் இதயம் நிதானமாக ஓடும். 1960களில் ப்ரோப்ரனலால் வந்தது. 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு மருந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பாருங்கள். அட்ரினலினில் ஒரு வளையம், ஒரு ஆல்கஹால், ஒரு ஈரிணைய அமீன். ப்ரோப்ரனலாலிலும் ஒரு பெரிய வளையம், ஒரு ஆல்கஹால், ஒரு ஈரிணைய அமீன். நைட்ரஜன் மீது மெத்திலுக்குப் பதில் ஐசோபுரோப்பைல் இருக்கிறது, வளையத்துக்கும் ஆல்கஹாலுக்கும் நடுவில் சின்ன இடைச்செருகல் ஒன்று இருக்கிறது. ஒரே பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று திறக்கும். இன்னொன்று உள்ளே போகும், ஆனால் திரும்பாது. அது துவாரத்தில் இருக்கும்வரை நல்ல சாவியும் நுழைய முடியாது.

இப்போ மானிட்டர் பக்கம் திரும்பி வாங்க.

மூன்றாவது அட்ரினலின் ஊசியைப் போடச் சொல்லிவிட்டு, கூட வந்த நாத்தனாரைக் கூப்பிட்டேன். முதல்லயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"இவங்க ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா?"

"ஒத்தத் தலைவலிக்கு தெனம் ஒண்ணு போடுவாங்க சார். வேலைக்கு வர்றப்பவும் பையில வெச்சிருப்பாங்க."

இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்தாங்க. வெத்தலை, பாக்கு, கொஞ்சம் சில்லறை. ஒரு மாத்திரை அட்டை. அதைச் சுத்தி மடிச்ச சீட்டு.

ப்ரோப்ரனலால் 40. சீட்டுல இருந்தது என் கையெழுத்து.

மூணு மாசம் முன்னாடி புறநோயாளிகள் கூட்டத்துல நானே எழுதினது. மைக்ரேன் வராமல் தடுக்க நல்ல மருந்து அது. ஆஸ்துமா இருக்கான்னு கேட்டிருப்பேன். நாடி பார்த்திருப்பேன். அந்த அளவுக்கு ஒழுங்காத்தான் எழுதியிருந்தேன்.

"இதுக்கு முன்னாடி ஏதாவது பூச்சி கடிச்சு இப்படி ஆகியிருக்கா?" என்று மட்டும் கேட்கவில்லை.

நாத்தனார் தானாகவே சொன்னாங்க. "போன வருசமும் குளவி கொட்டி மூஞ்சியெல்லாம் வீங்கி, மயக்கமாயிட்டாங்க சார். அப்புறம் தன்னால சரியாயிடுச்சு."

அவங்க முள்ளு வெட்டுற வேலைக்குப் போறவங்கன்னு எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. தலைவலி எத்தனை நாளா, எந்தப் பக்கம், வெளிச்சம் பட்டால் கூசுதான்னு தலையைப் பத்தி மட்டும் எல்லாம் கேட்டிருக்கேன்.

தாழ்ப்பாள் போட்டது நான்தான்.

இந்த மாதிரி நேரத்துக்கு ஒரு மருந்து உண்டு. குளுக்ககான். சர்க்கரை ரொம்பக் குறைந்து மயங்கியவர்களுக்குப் போடுகிற ஹார்மோன் ஊசி. அது பீட்டா ஏற்பி பக்கமே போகாது. இதயச் செல்லில் அதற்கென்று வேறு கதவு இருக்கிறது. முன்வாசல் பூட்டியிருந்தால் கொல்லைப்புறம் வழியாகப் போய், உள்ளே அதே விளக்கைப் போடும். பெரியவர்களுக்கு 1 முதல் 5 மில்லிகிராம், நரம்பில் ஐந்து நிமிடமாக மெதுவாக ஏற்ற வேண்டும்.

எங்க மருத்துவமனையில அது இல்லை. மெடிக்கல் ஷாப்ல இல்லை. சீனியர் ஒருத்தருக்குப் போன் போட்டேன். "அட்ரினலினை டிரிப்ல ஓட விடு, சலைனை நிறுத்தாதே, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு பண்ணு. அதுக்குள்ள ஊர்ல இருக்கிற சர்க்கரை டாக்டர் எல்லாரையும் கேளு"ன்னார்.

நாலாவது போன்ல கிடைச்சது. ஒரு சர்க்கரை நோய் கிளினிக் ஃப்ரிட்ஜ்ல ஒரே ஒரு வயல், 1 மில்லிகிராம். வார்டு பாய் பைக்ல போய் வாங்கிட்டு வந்தார். அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிசம் எவ்வளவு நீளம்னு எனக்குத்தான் தெரியும்.

குளுக்ககான் குமட்டலைக் கொண்டுவரும். ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு மெதுவா ஏத்தினோம். எதிர்பார்த்த மாதிரி வாந்தி வந்துச்சு. கொஞ்ச நேரத்துல நாடி 64 ஆச்சு. அப்புறம் 78. பி.பி 80. அப்புறம் 90. விசில் சத்தம் குறைஞ்சுது.

எது வேலை செய்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். குளுக்ககானாக இருக்கலாம். திரும்பத் திரும்பப் போட்ட அட்ரினலின் போட்டி போட்டுக் கொஞ்சம் இடம் பிடித்திருக்கலாம். சலைனும் நிறையப் போயிருந்தது. சாயங்காலம் ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது அந்த அக்கா கண்ணைத் திறந்து, "என் பை எங்க?"ன்னு கேட்டாங்க.

நாலு நாள் கழிச்சு வீட்டுக்குப் போற வழியில என்னைப் பார்க்க வந்தாங்க. நான் உட்கார வெச்சு எல்லாத்தையும் சொன்னேன். நான் எழுதின மாத்திரைதான் அன்னைக்கு ஊசியை வேலை செய்ய விடலை, பழைய கொட்டு பத்தி நான் கேட்டிருக்கணும், கேட்கலைன்னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "நானும் சொல்லியிருக்கணும் தம்பி. தலைவலிக்கும் குளவிக்கும் என்ன சம்பந்தம்னு விட்டுட்டேன்"ன்னாங்க.

இல்லைக்கா, சம்பந்தம் தெரிய வேண்டியவன் நான்தான். பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்கு அனாஃபிலாக்சிஸ் வந்தால் அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்று மருந்தியல் பாடத்தில் இருக்கிறது. பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். ஆனா ரெண்டு மருந்தோட உருவத்தையும் பக்கத்தில் வைத்து நான் பார்த்ததே இல்லை. ப்ளஸ் டூவில் அமீன் பக்கத்தை மனப்பாடம் செய்துவிட்டு, பரீட்சை முடிந்த மறுநாள் மறந்தவன் நான். அந்த 58ஐப் பார்த்துட்டு யோசிச்சபோதுதான் ரெண்டு சாவியும் ஒரே அச்சு என்பது மண்டையில ஏறிச்சு.

மைக்ரேனுக்கு வேறு வகை மாத்திரை மாற்றி எழுதினோம்.

இதைப் படித்துவிட்டு யாரும் ப்ரோப்ரனலாலையோ வேறு பீட்டா பிளாக்கரையோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் இதய நோயாளிகளுக்கு நெஞ்சு வலியே வரலாம். லட்சக்கணக்கானவர்களுக்கு இது உயிர் காக்கும் மருந்து. உங்களுக்குப் பூச்சிக்கடியிலோ உணவிலோ மருந்திலோ தீவிர ஒவ்வாமை வந்திருந்தால் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்ற வேண்டுமா, தொடர வேண்டுமா என்று அவர் எடை போட்டுச் சொல்வார்.

இன்னொரு விசயமும் சொல்லிடறேன். ஈரிணைய அமீனில் மிச்சம் இருக்கிற அந்த ஒரே ஹைட்ரஜன் இன்னொரு வேலையும் செய்யும். ப்ளஸ் டூ புத்தகத்திலேயே இருக்கிறது. நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்தால் ஈரிணைய அமீன், மஞ்சள் நிற எண்ணெய் போன்ற நைட்ரசோ அமீனைத் தரும். ஓரிணைய, ஈரிணைய அமீன்களை வேறுபடுத்திக் காட்ட அதை ஒரு சோதனையாகப் படித்தோம்.

2018இல் அந்தச் சோதனை உலகச் செய்தி ஆனது. வால்சார்டன் என்ற பி.பி மாத்திரையில் என்.டி.எம்.ஏ என்ற நைட்ரசோ அமீன் இருப்பது தெரிந்து பல நாடுகளில் திரும்பப் பெற்றார்கள். எப்படி வந்தது? தயாரிப்பில் பயன்படுத்திய டி.எம்.எஃப் கரைப்பான் சிதைந்தால் டைமெத்தில்அமீன் வரும். அது ஈரிணைய அமீன். மிச்சமான அசைடை அழிக்கச் சோடியம் நைட்ரைட் சேர்த்தார்கள். அது அமிலத்தில் நைட்ரஸ் அமிலம் ஆகும். இரண்டும் சந்தித்தன. புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ள பொருள் என்பதால் என்.டி.எம்.ஏவுக்கு ஒரு நாளைக்கு 96 நானோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம்.

2022இல் கனடாவில் ப்ரோப்ரனலால் மாத்திரை வகை ஒன்றையும் இதே காரணத்துக்காகத் திரும்பப் பெற்றார்கள். அதில் இருந்தது ப்ரோப்ரனலாலின் சொந்த நைட்ரசோ வடிவம்.

அப்போதும் மருத்துவர்கள் மக்களிடம் சொன்னது ஒன்றுதான். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்றிக் கொடுக்கும்வரை தொடருங்கள். அந்தத் துளி மாசைவிட, திடீரென்று நிறுத்துவதால் ஏறுகிற பி.பி உடனடி ஆபத்து.

கடைசியா, இந்த இழையிலிருந்து நீங்க எடுத்துக்க வேண்டியது நாலு.

ஒன்று. நீங்களும் வீட்டுப் பெரியவர்களும் தினமும் சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயரை ஒரு சீட்டில் எழுதி பர்ஸில் வையுங்கள். போனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். கலர் சொன்னால் போதாது, பெயர் வேண்டும். அந்த அக்காவின் சுருக்குப் பையில் அந்தச் சீட்டு இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இரண்டு. பூச்சி கொட்டி மயக்கமோ, மூச்சுத் திணறலோ, முகம் வீங்குவதோ ஒருமுறை நடந்திருந்தால், சரியாகிவிட்டாலும் எந்த டாக்டரிடம் போனாலும் சொல்லுங்கள். தலைவலிக்குப் போனாலும் சொல்லுங்கள்.

மூன்று. அந்த அறிகுறிகள் மறுபடி வந்தால் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். பக்கத்து மருத்துவமனைக்கு ஓடுங்கள். சுண்ணாம்பு தடவிக்கொண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று உட்காராதீர்கள்.

நான்கு, இது இளம் மருத்துவர்களுக்கு. அனாஃபிலாக்சிஸில் அட்ரினலின்தான் முதலில். பீட்டா பிளாக்கர் எடுப்பவராக இருந்தாலும் அட்ரினலின்தான் முதலில். ரெண்டு ஊசிக்கும் அசையவில்லை, நாடியும் மெதுவாக இருக்கிறது என்றால் மாத்திரைப் பட்டியலைக் கேளுங்கள். உங்க ஊரில் குளுக்ககான் யார் ஃப்ரிட்ஜில் இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள். தேவைப்படும் அன்றைக்குத் தேடக்கூடாது.

கதையைக் கேட்டு முடிச்சதும் அண்ணன் மகள் கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா. அப்புறம் நோட்டுல ரெண்டு அமைப்பையும் பக்கத்துல பக்கத்துல வரைஞ்சா. ரெண்டுலயும் அந்த என்-ஹெச்சை வட்டம் போட்டா.

"சித்தப்பா, இப்போ அந்த அக்கா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. பேரன் பொறந்துட்டான்னு போன தீபாவளிக்குப் போன் பண்ணாங்க. முள்ளு வெட்டப் போறதில்லை. அந்தப் பை மட்டும் இன்னும் இடுப்புலதான் இருக்காம். உள்ளே மாத்திரைப் பேர் எழுதின சீட்டு."

உங்கள் வீட்டுச் சீட்டை இன்றைக்கு ராத்திரிக்குள் எழுதிவிடுங்கள்.